ஐம்பத்தெட்டாம் வரிசைக்குப் புண்ணாக்குத் தண்ணீர்

முப்பிடாதியம்மாளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் வாய் கொடுக்கலாம். அளவைப் பற்றி மட்டும் கொடுக்கக் கூடாது.

கல்யாணமாகி ஆய்க்குடிக்கு வந்த புதிதில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் போனவள், ஆறே மாதத்தில் பெண்களுக்கு அளவெடுக்கும் வேலைக்கு உயர்ந்துவிட்டாள். வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றும்போதே, "முப்பத்தாறு, கை பதினொண்ணு" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்தால் முப்பத்தாறாகவும் பதினொன்றாகவும்தான் இருக்கும்.

அந்தப் பேரும் புகழும் நாத்தனார் லோகநாயகியின் கல்யாணத்தோடு போயிற்று. கல்யாண ரவிக்கைக்கு முப்பிடாதியம்மாள்தான் அளவெடுத்தாள். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போடக் கையைத் தூக்கிய லோகநாயகியால் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் உயரம். அவர் குனிந்து, இவள் எம்பி, ஒருவழியாக மாலை விழும்போது தையல் விட்ட சத்தம் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டதாக லோகநாயகி இன்றுவரை சொல்கிறாள்.

"அளவெடுத்தப்போ பதினொண்ணு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வீடு வீடா விருந்து சாப்பிட்டா, கை அங்கனயேவா நிக்கும்?" என்பது முப்பிடாதியம்மாளின் கட்சி. முப்பது வருஷமாக அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் உப்பு கூடினாலும் சரி, பஸ் தவறினாலும் சரி, "மைனி அளவுலா?" என்று, மதினி எடுத்த அளவுதானே என்கிற மாதிரி, லோகநாயகி ஒரு வார்த்தை போடுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். முப்பிடாதியம்மாளின் புருஷன் மாடனும் சிரிப்பார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

தையல் கடை மூடியபின் வயல் வேலை. அங்கே களையெடுக்கும் கூட்டத்துக்கு யார் தலைவி என்றால், லோகநாயகிதான். நாத்தனாருக்குக் கீழே பத்து வருஷம் குனிந்து களையெடுத்தாள் முப்பிடாதியம்மாள். மெதுவாக எடுப்பாள். ஒவ்வொரு செடியையும் நின்று பார்த்து, பக்கத்துச் செடியோடு ஒப்பிட்டு, நாலு விரற்கடை குறைச்சல் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஏப்ரல் மாதம் தென்காசியிலிருந்து ஸ்ரீவித்யா வந்தாள். சூரியகாந்தியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிற பெண். பரமேஸ்வரன் அண்ணாச்சியின் ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு வரிசைக்குப் பத்துச் செடி வீதம் முந்நூற்றறுபது வரிசை போட்டாள். சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வயலிலும் சூரியகாந்தி பள்ளிக்கூட வரிசை மாதிரி ஒரே உயரத்தில் நிற்க, இந்த வயல் மட்டும் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்த சொந்தக்காரர் கூட்டம் மாதிரி வளர்ந்தது. நெட்டை, குட்டை, கூனல், பருமன், முந்தி வந்தது, பிந்தி வந்தது.

"ஏன் பாப்பா, நல்ல விதை கிடைக்கலையா? அண்ணாச்சிட்ட சொல்லி நான் வாங்கித் தாரேனே" என்றாள் லோகநாயகி.

ஸ்ரீவித்யா சிரித்துவிட்டுக் கூட்டத்தை வரப்பில் உட்காரவைத்துச் சொன்னாள். "ஒரு குட்டைச் செடி, பூ பெருசு. ஒரு நெட்டைச் செடி, பூ சிறுசு, ஆனா எண்ணெய் ஜாஸ்தி. இந்த ரெண்டையும் சேத்து வந்த பிள்ளைங்கதான் இதெல்லாம். மொத்தம் நூத்தியிருபது பிள்ளை. ஒவ்வொண்ணும் அம்மாட்ட கொஞ்சம், அப்பாட்ட கொஞ்சம் வாங்கியிருக்கும். யாரு எதை வாங்கியிருக்காங்கன்னு லேப்ல பாத்து எழுதியாச்சு. இப்ப வயல்ல உயரம், பூ அகலம் எல்லாம் அளந்து அதோட ஒட்டிப் பாத்தா, பூ பெருசாக எந்தெந்த மரபணு காரணம்னு ஒரு மேப் போட்டுரலாம்."

"ஒரே மரபணுதானே காரணமா இருக்கும்?" என்றாள் கூட்டத்திலிருந்த அலிமா. அவள் பிளஸ் டூ வரை படித்தவள்.

"அதான் இல்ல அக்கா. பத்துப் பதினஞ்சு இருக்கும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வேலை பாக்கும்."

லோகநாயகி தலையாட்டினாள். "புறணி பேசுத மாதிரிதான். ஒருத்தி சொல்லி எந்தக் குடும்பம் பிரிஞ்சிருக்கு? பத்துப் பேர் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லணும்."

ஸ்ரீவித்யா அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு முக்கியமான விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையையும் வயலின் மூன்று பகுதியிலும் மூன்று இடத்தில் நட்டிருக்கிறது. எந்த எண் எந்தப் பிள்ளை என்பது அவளுடைய லேப்டாப்புக்கு மட்டும்தான் தெரியும். யாரை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்தால்தான் அளவில் ஓரவஞ்சனை வராது. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். முப்பிடாதியம்மாள் மட்டும் அந்த நேரத்தில் ஸ்ரீவித்யாவின் சுடிதார்த் தோள்பட்டை அரை இஞ்ச் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளக்க ஓர் ஆள் வேண்டுமென்று கேட்டபோது லோகநாயகி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க மைனிய வச்சுக்கோங்க பாப்பா. அவ ஒரு சால் முடிக்கதுக்குள்ள நாங்க மூணு முடிச்சிருவோம். இங்கன இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

இப்படித்தான் முப்பிடாதியம்மாள் கைக்கு அளவுகோல் வந்தது. ரெண்டு மீட்டர் உயரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட கம்பு. அதை ஊன்றிக்கொண்டு அவள் தெருவில் நடந்து வந்த அன்று, டீக்கடை பெஞ்சில் இருந்த மாடன் எழுந்து நின்றுவிட்டார். முதல் வாரம் ஸ்ரீவித்யா அவள் சொன்ன ஒவ்வொன்றையும் திரும்ப அளந்து பார்த்தாள். அரை சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. ரெண்டாவது வாரம், "இனிமே நீங்க சொன்னா சொன்னதுதான் அம்மா. நான் திரும்ப அளக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை முப்பிடாதியம்மாள் வீட்டுக்குப் போய் மாடனிடம் சொன்னாள். கறிக்கடையில் சொன்னாள். திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் முத்துலட்சுமிக்குப் போன் போட்டுச் சொன்னாள். லோகநாயகியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் காதில் விழும்படி வேறொருத்தியிடம் சொன்னாள்.

ஆனால் ஓர் இக்கட்டு இருந்தது. நூற்று நாற்பத்தேழு, இருநூற்றுப் பன்னிரண்டு என்று வெறும் எண்ணாக ஒரு செடியை நினைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. தையல் கடையிலும் நோட்டில் எண் இருக்கும், மனசில் ஆள்தான் இருப்பாள். எனவே பேர் வைத்தாள். பன்னிரண்டாம் வரிசை, ஏகப்பட்ட இலையோடு பெரிய ஆள் மாதிரி நின்று காசளவு பூ பூத்ததால், பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். தொண்ணூறாம் வரிசை எல்லோருக்கும் முன்னால் பூத்துவிட்டதால், எங்கேயும் முதல் ஆளாய் வந்து நிற்கும் அலிமா. ஊரே கிழக்கே பார்க்கும்போது மேற்கே பார்த்து நின்ற வரிசைக்கு மாடன் என்று பேர் வைக்க அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வரிசையைப் பார்த்தபோது அவளுக்கு மனசு என்னவோ செய்தது. மெலிந்த தண்டு. அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல் இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்த கழுத்து. அது முத்துலட்சுமி. நிஜ முத்துலட்சுமியின் எடை எழுபத்தொன்று. என்றாலும் ஒவ்வொரு முறை வரும்போதும் தாயின் கண்ணுக்கு அவள் மெலிந்துதான் வருவாள்.

மூன்றாவது பகுதியில், முந்நூற்றுப் பதினேழில், இன்னொரு வரிசை இருந்தது. அதுவும் மெலிந்ததுதான். ஆனால் யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டேன் என்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்த கழுத்து. முப்பிடாதியம்மாள் அதைப் பார்த்ததும், "வந்துட்டியா, லோகநாயகி" என்றாள். பக்கத்தில் நின்ற அலிமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெலிந்த பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடுவது முப்பிடாதியம்மாள் வீட்டு வழக்கம். யாரும் அதை ஒரு தீர்மானமாக எடுப்பதில்லை. கரண்டி தானாகப் போகும். அப்படித்தான் மாட்டுக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கில் கொஞ்சம் தூக்குச்சட்டிக்குள் வந்தது. காலையில் ஸ்ரீவித்யா வரும் முன்னால் ஐம்பத்தெட்டாம் வரிசையின் பத்துச் செடிக்கும் வேரடியில் ஒவ்வொரு தம்ளர். ஒரு மாதம், ஒருநாள் விடாமல். அதோடு, முந்நூற்றுப் பதினேழுக்குத் தண்ணீர் போகும் சாலின் வாயில் ஒரு மண்கட்டியும் வந்து உட்கார்ந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் முப்பிடாதியம்மாள், "கட்டின்னா வயல்ல கிடக்கத்தானே செய்யும்" என்பாள்.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. குற்றாலத்துக்கு வந்த வேன்களெல்லாம் அருவியில் தலையை நனைத்த கையோடு சூரியகாந்தி பார்க்க இந்தப் பக்கம் திரும்பின. பக்கத்து வயல்களில் கூட்டம் தாங்கவில்லை. ஸ்ரீவித்யாவின் வயலில் மட்டும், தேனீ வந்து மகரந்தத்தைக் கலந்துவிடக் கூடாது என்று பாதிப் பூவுக்குத் துணிப்பை கட்டியிருந்தது. புனலூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயோ, பூவுக்கெல்லாம் தீனமோ?" என்று, நோய் கண்ட வீட்டில் விசாரிப்பதுபோல் வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் முதல் பகுதியின் பூ அகலம் எடுத்து முடித்தார்கள். ஐம்பத்தெட்டாம் வரிசையில் முப்பிடாதியம்மாள் டேப்பை வைத்து, "இருபத்திமூணு" என்றாள்.

ஸ்ரீவித்யா நிமிர்ந்தாள். "எவ்வளவு?"

"இருபத்திமூணு. நல்லாத் தேறிட்டால்லா?"

"யாரு?"

"செடி பாப்பா, செடி."

அன்று முழுக்க ஸ்ரீவித்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா செடியையும் அப்பா செடியையும்விடப் பெரிய பூ. பேராசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவரும் உடனே வருவதாகச் சொன்னார். பேராசிரியர் குமரகுரு வருஷம் முழுவதும் ஆராய்ச்சி வயல்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும்போது அந்த ஆசையை அவரால் அடக்க முடிவதில்லை.

அவர் வந்து சேரும்போது மற்ற ரெண்டு பகுதிகளின் அளவும் முடிந்திருந்தது. ஐந்தருவியில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாக வந்த மனிதர், வயலில் லேசாகத் தூறல் விழுவதைப் பார்த்து, "சளி பிடிச்சிரும்" என்று மோட்டார் ரூமை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். வெளியே லோகநாயகியின் கூட்டம் களையெடுத்துக்கொண்டிருந்தது. முப்பிடாதியம்மாள் அளவுகோலோடு வாசலில் நின்றாள்.

சிறிது நேரத்தில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? உன்னோட இருபத்தேழாம் நம்பர் பிள்ளை. மூணு இடத்துல நட்டிருக்க. ஐம்பத்தெட்டுல பூ இருபத்திமூணு. இருநூத்திமூணுல பதினாறு. முந்நூத்திப் பதினேழுல ஒன்பது. ஒரே விதை எப்படி இருபத்திமூணும் ஒன்பதுமா இருக்கும்?"

ஸ்ரீவித்யா திரையைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வாய்த்தது.

"யாரு அளந்தது?"

"முப்பிடாதியம்மாதான் சார். அவங்க அளவு தப்பாது."

"பின்ன விதையா பொய் சொல்லும்? அளவு தப்பு. ஆளை மாத்து."

வெளியே களைக்கொத்து சத்தம் நின்றது. லோகநாயகி நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, சன்னமாகச் சொன்னாள்: "மைனி அளவுலா?"

முப்பிடாதியம்மாளுக்கு முப்பது வருஷமும் ஒன்றாக உச்சிக்கு ஏறியது. நேரே உள்ளே போனாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பேராசிரியரின் மடியில் போட்டாள்.

"வாங்க சார். நீங்களே வந்து அளங்க. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் இந்தக் கம்பை இங்கனயே முறிச்சுப் போட்டுட்டுப் போயிருதேன்."

"மழை பெய்யுதும்மா."

"அருவிய விடவா?"

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கூட்டம் பின்னால் போயிற்று. ஐம்பத்தெட்டில் அளந்தார். இருபத்திமூன்று. சேற்றில் செருப்பு மாட்டி, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு இருநூற்றுமூன்றுக்குப் போனார். பதினாறு. முந்நூற்றுப் பதினேழில் ஒன்பது.

"அளவு சரிதான்" என்றார் பேராசிரியர்.

முப்பிடாதியம்மாள் திரும்பி லோகநாயகியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக முப்பது வருஷம் காத்திருந்திருக்கலாம், தப்பில்லை. லோகநாயகி வானத்தைப் பார்த்தாள்.

ஆனால் பேராசிரியர் பேசி முடிக்கவில்லை. "அப்படின்னா விதை மாறியிருக்கு. ஸ்ரீவித்யா, விதைக்கும்போது நீ கவரை மாத்திப் போட்டிருக்க. இதுல மாறினது வேற எதுல மாறலைன்னு எப்படிச் சொல்லுவ? இந்த வருஷ டேட்டா எதையும் நம்ப முடியாது. அடுத்த வருஷம் முதல்ல இருந்து நடு."

ஸ்ரீவித்யா முந்நூற்றறுபது கவரிலும் தன் கையால் எண் எழுதி, விதை எண்ணிப் போட்டவள். அவள் முகம், உலையில் வைத்த தண்ணீர் கொதிக்கப் போகும் நேரத்தில் அசையுமே, அந்த மாதிரி அசைந்தது.

முப்பிடாதியம்மாள் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கோல் அவளுடையது. அளவு சரி என்று பேராசிரியரே நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. திறந்தால் நாளைக் காலையிலிருந்து லோகநாயகிக்குப் பின்னால் குனிய வேண்டும். இந்தக் கணக்கைப் போட அவளுக்கு, ஒரு வரிசை களையெடுக்க ஆகும் நேரம் ஆனதுபோல் இருந்தது. உண்மையில் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் பேசிவிட்டாள்.

"விதையெல்லாம் மாறல சார். நான்தான் ஊத்தினேன்."

"என்னத்தை?"

"புண்ணாக்குத் தண்ணி."

"எதுக்கு?"

"மெலிஞ்சு போயிருந்தா சார். பாக்கப் பொறுக்கல. முத்துலட்சுமிக்கு மட்டும்தான் ஊத்தினேன்."

பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். "இதுல முத்துலட்சுமி யாரு?"

"என் மக சார். திருவேங்கடத்துல குடுத்திருக்கு."

"அந்தப் பொண்ணுக்கா புண்ணாக்கு ஊத்தினீங்க?"

அலிமா இடையில் புகுந்து, வரிசைகளுக்குப் பேர் வைத்த கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பேராசிரியர் கேட்டுக்கொண்டே ஐம்பத்தெட்டின் வேரடியைக் கிளறி, முகர்ந்து பார்த்தார். கடலைப் புண்ணாக்கு வாசம் ஆளைத் தூக்கியது.

"வேற யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. ஒரே ஒரு தடவை மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு குட்டைக்கு. மிச்சம் இருந்துச்சு, கீழ கொட்ட மனசு வரல."

"சரி. இது ஊத்தினதால பெருத்துச்சு. அப்ப முந்நூத்திப் பதினேழு ஏன் இப்படி வத்திப்போச்சு?"

முப்பிடாதியம்மாள் குனிந்து பாவாடையில் ஒட்டியிருந்த நாயுருவியைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஸ்ரீவித்யா அதற்குள் சாலின் வாய்க்குப் போய்விட்டாள். மண்கட்டியைக் கையில் எடுத்தாள். அது பழைய ரவிக்கைத் துணியில் நேர்த்தியாகச் சுற்றி, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"அம்மா, இந்த வரிசைக்கு என்ன பேரு?"



"பேரு எதுக்கு பாப்பா இப்ப..." என்று முப்பிடாதியம்மாள் இழுத்தாள்.

"லோகநாயகி" என்றாள் அலிமா. எங்கேயும் முதல் ஆள் அவள்தானே.

லோகநாயகி களைக்கொத்தைக் கீழே போட்டாள். வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். வற்றிச் சுருங்கி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்ற பத்துச் செடிகளையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ மைனி. நானா இது?"

"சும்மா ஒரு அடையாளத்துக்கு..."

"எனக்குத் தண்ணிய அடச்சிட்டு, உன் மகளுக்குப் புண்ணாக்கு ஊத்தியிருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

"உனக்கு எவட்டி அடச்சது? செடிக்குல்லா அடச்சேன்!"

"அம்மா" என்றாள் ஸ்ரீவித்யா. அவள் குரலில் அழுகை வடிந்து வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒரே விதைம்மா. முத்துலட்சுமியும் லோகநாயகி அக்காவும் ஒண்ணுதான். அன்னைக்கே சொன்னேன்லா, ஒவ்வொரு பிள்ளையும் மூணு இடத்துல இருக்குன்னு?"

முப்பிடாதியம்மாள் அந்தச் சாய்ந்த கழுத்துகளைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்துலட்சுமி பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே ஊர் சொன்ன பேச்சு அது: அத்தையை உரித்து வைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமாக முப்பிடாதியம்மாள் ஒப்புக்கொள்ளாத பேச்சு. கட்டிலுக்குக் கட்டில், வீட்டுக்கு வீடு அவள் மறுத்துவந்ததை, ஒரு வயல் முந்நூற்றறுபது வரிசையோடு எழுந்து நின்று சொல்லிவிட்டது.

லோகநாயகி சிரிக்க ஆரம்பித்தாள். வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். "நான் என்ன சொன்னேன்? எத்தன வருஷமாச் சொல்லுதேன்! என்னைப் பட்டினி போட்டு, என்னையே ஊட்டி வளத்திருக்கா, கேட்டியளா!"

"அப்ப நடுவுல இருக்கே, இருநூத்திமூணு" என்றார் பேராசிரியர். "அதுக்கு யார் பேரு?"

"அதுக்குப் பேரே வைக்கல சார். அதுல பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

"அது ஒண்ணுதான் உருப்படியான அளவு" என்றார் அவர். "மத்த ரெண்டையும், அந்தக் குட்டையையும் அடிச்சுவிட்டுரு ஸ்ரீவித்யா. முந்நூத்தறுபதுல மூணு போனா குடி முழுகாது. மறுபடி நடவேண்டியதில்ல."

ஸ்ரீவித்யா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் ஐம்பத்தெட்டுக்கு ஓடினாள், இருநூற்றுமூன்றுக்கு ஓடினாள், மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "சார், பூ மாறியிருக்கு, தண்டு மாறியிருக்கு. கழுத்து மாறவே இல்ல. தின்னதும் பட்டினி கிடந்ததும் ஒரே மாதிரி இடப்பக்கம் சாயுது. இதை நாம அளக்கவே இல்லையே?"

பேராசிரியர் மூன்று இடத்திலும் கழுத்தைப் பார்த்தார். சேற்றில் போன செருப்பை மறந்தார். "அளங்க. முந்நூத்தறுபதையும் அளங்க" என்றார். தும்மினார்.

முப்பிடாதியம்மாள் அளவுகோலை ஸ்ரீவித்யாவின் முன் நீட்டினாள். ஸ்ரீவித்யா வாங்கலாமா வேண்டாமா என்று நிற்கும்போதே லோகநாயகி சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஐயோ, வாங்கிராதீங்க பாப்பா. வாங்கினா அவ எங்க கூட்டத்துக்குல்லா வருவா? பொழுது சாயுத வரைக்கும் ஒரே சால்ல நிப்பா. நீங்களே வச்சுக்கோங்க."

"புண்ணாக்கு?" என்றாள் ஸ்ரீவித்யா.

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலையிலிருந்து லோகநாயகி வரப்பில் நின்று முப்பிடாதியம்மாளின் தூக்குச்சட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் அவளை வயலுக்குள் விட்டாள். "புண்ணாக்கா, நீ வச்ச சாம்பாரான்னு தெரியலையே மைனி" என்று தினமும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். மூன்றாம் நாள் முப்பிடாதியம்மாள் சாம்பாரில் ஒரு கரண்டி கூட ஊற்றிக் கொண்டுவந்தாள். அது யாருக்கென்று கேட்டால் சொல்லமாட்டாள். முந்நூற்றுப் பதினேழின் சால்வாய் திறந்துதான் கிடந்தது.

ஆடி முதல் வாரம் முத்துலட்சுமி பிள்ளைகளோடு குற்றாலம் சீசனுக்கு வந்தாள். வந்த கையோடு அம்மாவின் உத்தியோகத்தைப் பார்க்க வயலுக்கு வந்தாள். முப்பிடாதியம்மாள் பூவின் கழுத்தடியில் ஒரு பெரிய பாகைமானியை வைத்துச் சாய்வை அளந்துகொண்டிருந்தாள். நோட்டோடு ஸ்ரீவித்யா பக்கத்தில் நின்றாள்.

வரப்பில் முத்துலட்சுமியும் லோகநாயகியும் சேர்ந்து நின்று ஒரு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு கழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

முப்பிடாதியம்மாளின் கை நின்றுவிட்டது. அவளுக்குப் பாகைமானி தேவைப்படவில்லை.

"எவ்வளவு அம்மா?" என்றாள் ஸ்ரீவித்யா.

"இருபத்திரெண்டு."

ஸ்ரீவித்யா அவள் பார்வை போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். பேனாவை எடுக்காமல் கேட்டாள். "செடிக்கா, அவங்களுக்கா?"

"அவங்க ரெண்டு பேருக்கும். ஒரே அளவு" என்றாள் முப்பிடாதியம்மாள். அளவென்று வந்துவிட்டால் அவளால் பொய் சொல்ல முடியாது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "லோகாட்ட சொல்லிராத பாப்பா. கழுத்து அவ கழுத்துதான். மூக்கு எங்க வீட்டு மூக்கு. சந்தேகமா இருந்தா வா, அளந்து காட்டுதேன்."